வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மெக்கானிக் பள்ளி

1

இந்தக் கதை எப்படித் தொடங்கியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தங்கை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது புத்தியுள்ளவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நான் எழுத்தாளன் என்பதால் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஒரு பார்சல் நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறாள். மதிய இடைவேளையில் வேனை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, மாடியேறி வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். என் நாற்காலி என்றால் நான் எழுதும் நாற்காலி. வீட்டில் வேறு நாற்காலிகள் இருக்கின்றன, அது அவளுக்கும் தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே கேட்டாள்.

"அண்ணா, நான் மெக்கானிக் படிக்கப் போறேன். ரெண்டு பள்ளிக்கூடம் பார்த்து வெச்சிருக்கேன். எதுல சேரட்டும்?"

"என்னை ஏன் கேக்கறே? என் ஸ்கூட்டர்ல பெட்ரோல் மூடி எங்க இருக்குன்னு பங்க்ல இருக்கறவர்தான் எனக்குக் காட்டறார்."

"அதுக்குத்தான் கேக்கறேன். வண்டி தெரிஞ்சவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒண்ணுமே தெரியாத ஆளு நம்ம குடும்பத்துல நீ ஒருத்தன்தான்."

இரண்டு நாள் கழித்து, நான் கை கழுவப் போயிருந்த நேரத்தில் மேசைமேல் இருந்த தாளைப் படித்துவிட்டாள்.

"என்னை வெச்சுக் கதை எழுதறியா?"

மறுக்க வழியில்லை. முதல் வரியிலேயே வேன் நின்றுகொண்டிருந்தது. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தாளைப் பழையபடி மேசைமேல் வைத்துவிட்டு, "சரி, எழுது. கதையில நான் எங்க சேர்றேனோ, நிஜத்துலயும் அங்கயே சேர்ந்துடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடு. ரெண்டு இடத்துலயும் அதுவரைக்கும்தான் எனக்கு இடம் வெச்சிருப்பாங்க" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். முதல் முயற்சி:

"அந்த இளைஞனின் நகக்கண்களில் கரி படிந்திருந்தது. அவன் கண்களிலோ—"

[விட்டுவிட்டேன். கண்களில் என்ன இருந்தது என்று யோசிப்பதற்குள் தங்கை படித்துவிட்டாள். "யாரு இந்த இளைஞன்?" என்றாள். "நீதான். அடையாளம் தெரியக்கூடாதுன்னு மாத்தியிருக்கேன்" என்றேன். "எனக்கே தெரியலையே" என்றாள்.]

இரண்டாம் முயற்சி:

"இயந்திரங்களின் பேச்சு அவளுக்குப் பிறவியிலேயே புரிந்தது. தொட்டிலில் கிடந்த காலத்தில், தெருவில் போகும் சைக்கிள் சங்கிலியின் ஓசை கேட்டால் அழுகையை நிறுத்திவிட்டு—"

[பச்சைப் பொய். அவள் எதற்காகவும் அழுகையை நிறுத்தியவள் இல்லை. பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதா?]

மூன்றாம் முயற்சி:

"மெக்கானிக் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டியவை: கையால் செய்யும் வேலைக்கு எவ்வளவு நேரம், ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர், புது மாதிரி வண்டிகளும் உண்டா, படித்து வெளியே போனவர்கள் இப்போது எங்கே—"

[இது கதை இல்லை, துண்டுப் பிரசுரம். ஆனால் தங்கை இதை மட்டும் இரண்டு தடவை படித்தாள். "இவ்வளவு நாள்ல நீ எழுதினதுலயே இதுதான் உருப்படி" என்றாள்.]

மூன்று தொடக்கம் ஆகியும் கதை வாசலைத் தாண்டவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி தாகமாக இருந்தது.

3

இந்தப் பாத்திரத்தை நம்பலாமா என்று எனக்கே ஒரு சந்தேகம். அதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை.

எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: பாதிக்கிணறு. பாதிக் கிணறு தாண்டுகிறவள் என்பதைச் சுருக்கி அம்மா வைத்தது. முதலில் தையல் படித்தாள். கை வைக்கும் வரைக்கும் வந்தது, காலர் வரவில்லை. பிறகு கணக்கெழுதும் படிப்பு. அதில் வரவு வரைக்கும் போனாள், செலவுக்குள் நுழையவில்லை என்று அம்மா சொல்வாள். அப்புறம் அழகுக்கலை. அதை விட்ட அன்று என் தலையில் ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருந்தது. மறுபக்கத்தை ஒரு சலூன்காரர் சிரித்துச் சிரித்து வெட்டி முடித்தார்.

இப்படிப்பட்ட ஒருத்தி மெக்கானிக் ஆகப் போகிறேன் என்று கதையில் சொன்னால் வாசகர் நம்புவாரா? ஏன் இந்தத் திடீர் ஆசை என்று அவளிடமே கேட்டேன், பாத்திரத்திடம் நேரில் கேட்கும் வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

"திடீர்னு இல்லை. வேன் நின்னுபோனா நான் ஓரமா கையைக் கட்டிட்டு நிக்கறேன். யாரோ வர்றாங்க, தலையை உள்ள விடறாங்க, ஏதோ பண்றாங்க, ஓடுது. நின்னுபோறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சத்தம் மாறுது அண்ணா. அது எனக்குக் கேக்குது. என்ன சொல்லுதுன்னுதான் தெரியலை. தினமும் கூட இருக்கறது நான், எனக்கே தெரியலைன்னா கடுப்பா இருக்காதா?"

"சரி, அதுக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துல சேர வேண்டியதுதானே?"

அவள் டப்பாவை மூடினாள்.

"ஏதாவது ஒண்ணுல சேர்ந்துதான் மூணு தடவை விட்டேன். தப்பான இடத்துல போய் விழுந்தேன்னா இதையும் விட்டுடுவேன். இதையும் விட்டா, அப்புறம் எதையும் தொடமாட்டேன். எனக்கே என் மேல சலிச்சுப்போயிடும்."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், டப்பாவைக் கழுவப் போகிற வழியில்.

* அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, இந்தக் கதையில் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அவர் தங்கமான மனிதர். தங்கத்தைப் போலவே அதிகம் பேசமாட்டார். "உனக்கு எது சரின்னு படுதோ" என்று சொல்லிவிட்டார். அந்த வாக்கியமும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4

முதல் பள்ளியின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிப் பள்ளி என்றே எழுதுகிறேன். அவள் என்னைக் கேட்ட மறுநாளே துணைக்கு நானும் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "சார், எந்தப் பிரிவுல சேரப் போறீங்க?" என்று கேட்டார். என் பின்னால் தங்கை சிரிப்பை அடக்கியது முதுகில் கேட்டது. சேரப் போவது அவள்தான் என்று தெரிந்ததும் அந்தப் பெண் வேகமாக உள்ளே போனார். திரும்பி வரும்போது கேமராவோடு ஒருவர் கூட வந்தார். இன்னும் பெயர்கூடக் கொடுக்கவில்லை, அதற்குள் அவளை ஒரு எஞ்சின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் நல்ல எஞ்சின். நெடுக வெட்டி வைத்திருந்தார்கள். எண்ணெய் போகும் வழிக்கு மஞ்சள், தண்ணீர் போகும் வழிக்கு நீலம் என்று வண்ணம் பூசியிருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன்கள் ஏறி இறங்கின. என் தங்கை சுற்றினாள். நிறுத்தவே இல்லை. கேமராக்காரர் படத்தை முடித்துக்கொண்டு போன பிறகும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இதையா அண்ணா இத்தனை வருஷம் மூடி வெச்சு ஓட்டிட்டிருந்தேன்?" என்றாள்.

அதற்கு அடுத்தது பயிற்சிக் கூடம். வரிசையாகக் கார்கள், எதற்கும் நம்பர் பலகை இல்லை. அவை தெருவுக்குப் போவதே இல்லையாம். மாணவர்கள் பிரித்து மாட்டுவதற்காகவே வாங்கியவை. பயிற்றுநர் பாடம் நடத்தும் விதம் இது: காரை ஓடவிட்டுக் காட்டுவார். பிறகு மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவரே ஒரு பழுதை வைப்பார். ஒரு ஃப்யூஸைப் பிடுங்குவார், அல்லது ஒரு ஒயரைக் கழற்றி, கழற்றியது தெரியாதபடி பழைய இடத்திலேயே சொருகி வைப்பார். மாணவர்கள் உள்ளே வந்து கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்தார்கள். நான் தும்மி முடிப்பதற்குள் கண்டுபிடித்தார்கள். தங்கை அசந்துபோனாள். சுருட்டைமுடி மாணவன் ஒருவனை ஓரமாக அழைத்து, எப்படி என்று கேட்டாள். அவன் பயிற்றுநர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ரொம்ப சுலபம்கா. பானட்டைத் தூக்கினா உள்ள எல்லா இடத்துலயும் தூசி இருக்கும். சார் கை வெச்ச இடத்துல மட்டும் இருக்காது. நாங்க பழுதைத் தேடறதில்லை, சாரைத் தேடறோம்."

அடுத்த சுற்று. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. தூசி கலைந்த இடத்தைப் பார்த்தார்கள், ஒயரை மாட்டினார்கள், சாவியைத் திருப்பினார்கள். கார் கிளம்பவில்லை.

"சார், இன்னொண்ணு வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுதான்பா வெச்சேன்."

அவர்கள் மறுபடி குனிந்து தூசியைத் தேடினார்கள். வேறெங்கும் கலையவில்லை. "சார், நிஜமாவே வேற ஒண்ணும் பண்ணலையா? யோசிச்சுச் சொல்லுங்க" என்று சுருட்டைமுடி கேட்டான். திருடனிடம் போலீஸ்காரர் கேட்பதுபோல நைச்சியமாகக் கேட்டான். பயிற்றுநரும் குனிந்தார். கணினியை மாட்டிப் பார்த்தார். அது எல்லாம் நலம் என்றது. கார் யாரும் தொடாமல் தானாகவே கெட்டுப்போயிருந்தது. அந்தக் கூடத்தில் அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நேரம் ஆகிவிட்டதால், "இதை ஓரமா தள்ளி வைங்க, சாயங்காலம் பாக்கறேன். இப்ப அடுத்த வண்டி" என்றார் பயிற்றுநர். அவர் மேல் தப்பில்லை. மணி அடித்தால் பாடம் முடிய வேண்டும்.

தங்கை என்னைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு, "அந்த வண்டிக்கு என்னன்னு தெரியாமயே வந்துட்டோமே அண்ணா" என்றாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

[இந்த இடத்தில் முதலில், "ஒரு எலி ஒயரைக் கடித்திருந்தது" என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு அடிக்கச் சொன்னாள். "எலின்னு உனக்கு எப்படித் தெரியும்?" "கதைக்கு ஒரு காரணம் வேணுமே." "எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறேன்." அடித்துவிட்டேன். அந்தக் காருக்கு என்ன கோளாறு என்று இந்தக் கதையில் யாருக்கும் தெரியாது.]

5

இடையில் உங்களிடம் ஒரு வார்த்தை.

கதை எழுதுகிறவனே நடுவில் வந்து பேசும் கதை என்றால், வாசகர் பாத்திரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைத் தேட ஆரம்பித்துவிடுகிறார். எங்கே தூசி கலைந்திருக்கிறது, எதை வேண்டுமென்றே வைத்திருக்கிறான், எது பிறகு வெடிக்கும்? உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் பிறர் கதையை அப்படித்தான் படிக்கிறேன். பல வருடங்களாக அந்தப் பயிற்றுநர் செய்வதையே நானும் செய்துவருகிறேன். ஓடுகிற ஒரு குடும்பத்தை எடுத்து, அதில் ஒரு ஒயரைக் கழற்றி, பத்துப் பக்கம் தள்ளி மாட்டிவிடுவேன். படித்தவர்கள் நன்றாக இருந்தது என்பார்கள்.

இந்தத் தடவை நான் எதையும் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமையை நான் வைக்கவில்லை. அதனால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நாற்காலிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

6

இரண்டாவது பள்ளி ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை இருந்தது; முன்னால் அடுக்கியிருந்த டயர்கள் அதை மறைத்திருந்தன. நடத்துகிறவரை எல்லோரும் ஹாரன் என்று கூப்பிட்டார்கள். அவர் வாயைத் திறந்ததும் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இங்க பாடத்திட்டம் எல்லாம் கிடையாதும்மா! காலையில ஷட்டரைத் தூக்கினா என்ன வண்டி வருதோ, அதுதான் அன்னிக்குப் பாடம்!"

வருவதெல்லாம் நிஜ வண்டிகள், நிஜ மனிதர்களின் வண்டிகள். அந்த மனிதர்களும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டாக்சி ஓட்டுநர் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து வந்து, குனிந்திருந்த மாணவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என் வண்டியிலயா படிக்கிறீங்க? வேற யார் வண்டியிலயாவது படிச்சுட்டு என் வண்டிக்கு வாங்கப்பா!"

ஹாரன் என் தங்கையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கையைக் காட்டும்மா." காட்டினாள். "நல்லதாப்போச்சு. சின்னக் கை. எங்க கை போகாத சந்துக்கெல்லாம் போகும்." உடை மாற்ற இடம் உண்டா என்று கேட்டாள். அவர் அதை யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு ஓரத்தில் நின்ற ஒரு டெம்போவைக் காட்டினார். "அதுக்குள்ள மாத்திக்கலாம். அது எங்கயும் போகாது. ஓனர் அதை மறந்தே போயிட்டாரு."

ஒரு வேனுக்கு அடியில் இரண்டு நீளக் கால்கள் தெரிந்தன. கால்களுக்குரியவன் வெளியே வந்ததும் தங்கை அவனிடம் பேச்சுக் கொடுத்தாள். அங்கே சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகப் போகிறதாம்.

"பிரேக்குன்னா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மாத்துவேன்கா. கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் கைக்கு வந்துடுச்சு. கியர்பாக்ஸ் மட்டும் இன்னும் திறந்தே பாக்கலை."

"ஏன், சொல்லித்தர மாட்டாங்களா?"

"வரணுமேக்கா! நான் இங்க சேர்ந்ததுலேருந்து ஒரே ஒரு கியர்பாக்ஸ்தான் வந்துச்சு. அன்னிக்குப் பாத்து எனக்குக் காய்ச்சல். அதுக்கப்புறம் நான் லீவே போடறதில்லை. தெருவுல நல்லா ஓடற வண்டியைப் பாத்தா வயிறு எரியுது."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். வாசலைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் போய்ச் சேர்ந்து, எதுவுமே வரலைன்னா?" என்றாள்.

* கண்ணாடிப் பள்ளியில் கியர்பாக்ஸை முதல் பருவத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். அங்கே கேட்டதை அவள் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கியர்பாக்ஸ் யாரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. இங்கே வரும் வண்டிகள் சேர்க்கின்றன, ஆனால் எது வரும் என்று சொல்ல முடியாது. தங்கை இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்குத் தலை சுற்றியது.

7

திங்கள் ஒரு முடிவு எழுதினேன், கிழித்தேன். செவ்வாய் எழுதினேன். புதன் காலை, செவ்வாய் எழுதியதை யார் எழுதினார்கள் என்று தெரியாமல் கிழித்தேன்.

அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். "எதுலயாவது சேத்து விட்டுடுடா. எப்படியும் அவ..." என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வாக்கியத்தைப் பாதியில் விடுகிறோம். பாதிக்கிணறு என்ற பெயர் மட்டும் ஒருத்திக்கு.

வியாழன் விடிந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. எதையும் தேர்ந்தெடுக்காமல் இரண்டு முடிவும் எழுதிவிட்டால் என்ன? அவளே படித்து, எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும். இப்படிப்பட்ட கதைகளில் அது வழக்கம்தான். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்பதற்கு இலக்கியத்தில் நல்ல பெயர் உண்டு. வேகமாக எழுதினேன். இரண்டும் நன்றாகவே வந்தன. கீழே அப்படியே தருகிறேன்.

8

முடிவு ஒன்று. கண்ணாடிப் பள்ளி.

அவள் சேர்ந்தாள். நீல உடுப்பு தைத்துக் கொடுத்தார்கள். அவள் படம் பள்ளியின் வாசலில் பெரிதாகத் தொங்கியது. கணினியை வண்டியில் மாட்டிப் படிக்கக் கற்றாள், மின்சார வண்டியின் பேட்டரியைக் கையுறை போட்டுக் கழற்றக் கற்றாள். தேர்வுகளில் முதலாவதாக வந்தாள். ஒரு நாள் வீடு திரும்பும் வழியில் அவளுடைய வேன் நடுச்சாலையில் நின்றது. பானட்டைத் தூக்கினாள். உள்ளே எல்லா இடத்திலும் ஒரே அளவு தூசி. பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. அவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நீண்ட நேரம் நின்றுவிட்டு, பானட்டை மெல்ல மூடினாள். மறுநாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை.

9

முடிவு இரண்டு. தகரக் கொட்டகை.

முதல் நாள், மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் ஹாரனின் குரலே கேட்கவில்லை. ஒரு கார் நனைந்துகொண்டே உள்ளே வந்தது. அதன் சொந்தக்காரர் கையைப் பிசைந்தார். எங்கோ சீக்கிரம் போயாக வேண்டும் அவருக்கு. ஹாரன் ஒரு ஸ்பேனரை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் தரையில் ஒரு அட்டையை விரித்து, படுத்து, மெல்ல வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். முகம் மறைந்தது, பிறகு தோள், பிறகு இடுப்பு. செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

[இங்கே நிறுத்திக்கொண்டேன். அழகாக இருந்தது.]

10

வியாழன் மதியம் அவள் வந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. தாள்களை வாங்கி, என் நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து படித்தாள். சலூன்காரர் இடத்தில் சிரித்தாள். நான் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தாள் முடிந்ததும் அதை மறுபடி எடுத்தாள். பிறகு அதற்கு முந்தைய தாளை எடுத்தாள். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எது பிடிச்சிருக்கு?" என்றேன்.

"ரெண்டும் நல்லாத்தான் எழுதியிருக்கே."

"அப்ப?"

"ரெண்டுலயும் நான் படிச்சு முடிக்கலையே அண்ணா."

எனக்கு முதலில் புரியவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன்.

"இதுல விட்டுடறே, சரி. அது கதைக்காக. இதுல நீ விடவே இல்லையே. இப்பத்தானே வண்டிக்கு அடியில போறே."

"முதல் நாளோட நிறுத்திட்டியே."

"நிறுத்தினது நான். நீயில்லை."

"ஆமா. நான் நிறுத்தறதுக்கு முன்னாடி நீயே நிறுத்திட்டே."

நான் ஏதேதோ சொன்னேன். கதைக்கு ஒரு வடிவம் வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வாசகருக்கு என்ன மிச்சம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் சொல்லும் சாக்குகளைப் பார்சல்காரர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள்.

"ஒரு வரி அண்ணா. அவ படிச்சு முடிச்சான்னு ஒரு வரி. எதுல வேணா எழுதியிருக்கலாம். எனக்கு அதுக்கப்புறம் எந்தப் பள்ளிக்கூடம்னாலும் சரின்னுதான் இருந்தேன்."

பேனாவை எடுத்தேன். இரண்டாம் முடிவின் அடியில், 'அவள் படித்து முடித்தாள்' என்று எழுதினேன். பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவள் கேட்டதால் எழுதியது என்பது அந்த வரியில் அப்பட்டமாகத் தெரிந்தது. என் கை தானாகவே அதை அடித்துவிட்டது. அடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் நான் கவலைப்பட்டதெல்லாம் எந்தப் பள்ளி என்பதற்காக இல்லை. அவள் எங்கே போனாலும் எங்கே விடுவாள் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மாவாவது பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் அதை எழுதி, செப்பனிட்டு, அழகாக இருக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பும் போட்டுவிட்டேன்.

"உனக்கு நம்பிக்கை இல்லைன்னா பரவாயில்லை அண்ணா" என்றாள். குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்கே பாதி நாள் இருக்கறதில்லை. வேற ஒருத்தர்கிட்டயாவது இருந்தா, இல்லாத அன்னிக்கு வாங்கிக்கலாம்னு பாத்தேன்."

"நீ முடிப்பே" என்றேன்.

"இப்ப சொன்னா செல்லாது."

எழுந்தாள். டப்பாவைத் திறக்காமலேயே எடுத்துக்கொண்டாள். படியில் பாதி இறங்கியவளை, "அப்ப எதுல சேரப்போறே?" என்று கேட்டேன். நின்றாள்.

"ரெண்டுலயும் குறை இருக்கு. நீ நல்லா எழுதியிருக்கே, அதைப் படிச்சப்புறம்தான் எனக்கே தெளிவா தெரிஞ்சுது. எந்தக் குறையை நான் பாத்துக்குவேன், எது என்னைக் கவுத்துடும்னு யோசிக்கணும். அதை நான் யோசிச்சுக்கறேன். நீ கதையை என்ன வேணா பண்ணிக்கோ."

11

வெள்ளிக்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வேறு நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்து, என் முன்னாலேயே இரண்டு இடத்துக்கும் தொலைபேசி போட்டாள். ஒரு இடத்தில், "மன்னிச்சுக்கங்க, அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள். இன்னொரு இடத்தில், "வரேன்" என்றாள். அந்த ஒரு சொல்லை, எதிர்முனையில் இருப்பவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, இரண்டாவது தடவையும் சத்தமாகச் சொன்னாள். பிறகு கை கழுவிவிட்டு வேலைக்குப் போனாள்.

அவள் சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றன. மதியம் இப்போது வருவதில்லை. நாற்காலி முழுக்க எனக்கே. உட்கார முடியவில்லை.

இந்தக் கதையின் முடிவை உங்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்று தொடக்கத்தில் ஒரு எண்ணம் இருந்தது. கண்ணாடியா தகரமா, நீங்களே சொல்லுங்கள் என்று பெருந்தன்மையாகக் கைகழுவிவிடலாம். இப்போது அதற்கு மனம் வரவில்லை. அவள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாள் என்பது எனக்குத் தெரியும். என் எதிரில்தானே பேசினாள்? ஆனால் சொல்லமாட்டேன். சொன்னால், அங்கே அவள் தாக்குப்பிடிப்பாளா, எப்போது விடுவாள் என்று நீங்களும் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு ஏற்கெனவே ஒரு அண்ணன் இருக்கிறான்.